மூன்றாவது வரி

ஜூன் 9, திங்கள்

காலையிலிருந்து சாரல். அண்ணனின் வேட்டி நாலும் ஃபேனுக்கு அடியில்.

பார்சல் வந்துவிட்டது. பள்ளிக்கூட நாட்களில் நானும் அண்ணனும் விளையாடிய ஜப்பான் கேம். மெருகேற்றி மறுபடி வெளியிட்டிருக்கிறார்கள். கையில் வைத்து ஆடும் புது மெஷினும் சேர்த்து வாங்கினேன். படமெல்லாம் பளபள.

அண்ணனுக்குப் பக்கவாதம் வந்து எட்டு மாதம். பேச்சு இல்லை, வலது கை இல்லை, வாசிப்பும் போயிற்று. வேதாகமத்தைத் தலைகீழாகக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்கிறான்.

இந்த கேமை நம்பி வாங்கக் காரணம் உண்டு. துபாயிலிருந்து சித்தப்பா பார்க்காமல் வாங்கி அனுப்பியது முழுக்க ஜப்பான் மொழிக் கேசட். திரையில் வரும் நாலு வரியை எண்ணித்தான் ஆடினோம். 1 அடி. 2 மந்திரம். 3 மருந்து. 4 ஓடு. அன்றைக்கு எங்களுக்கு அந்த எழுத்து தெரியாது. இன்றைக்கு அவனுக்கு எந்த எழுத்தும் தெரியாது. அப்போது ஆடியவன் இப்போது ஆடமாட்டானா?

இன்னொன்று. இதில் மாறி மாறித்தான் அடி. நம் முறை வந்தால், நாம் அழுத்தும்வரை எதிரி சும்மா நிற்பான். இந்த வீட்டில் அவனுக்காக யாரும் அப்படி நிற்பதில்லை. நானும்தான். சோறு ஊட்டும்போது கடிகாரத்தைப் பார்க்கிறேன்.

ஜூன் 10

நினைவிருக்கிறது! இடது கைக் கட்டைவிரலால் 1, 1, 2. தவளைப் பேய் காலி.

அம்மா: "ஏட்டி, இவன் சிரிக்கான், வந்து பாரு!"

அடுக்களையில் நின்று அழுதேன். சாளை மீன் கருகியது.

சாயங்காலம் வில்லங்கம். அடிபட்டதும் மருந்துக்காக மூன்றாவது வரியை அழுத்துகிறான். வீரன் முதுகைக் காட்டி ஓடுகிறான். புதுப் பதிப்பில் வரிசையை மாற்றிவிட்டார்கள். 3 ஓடு, 4 மருந்து. எவனைக் கேட்டு மாற்றினான்?

ஜூன் 12

சொல்லிக்கொடுத்தேன். நாலு விரல் காட்டினேன். தலையாட்டினான். மூன்றை அழுத்தினான். பதினொரு தடவை. கடைசியில் கட்டிலில் ஓங்கி அடித்தான்.

மெஷினில் மாற்ற முடிந்தவை: வேகம், பாட்டு, எழுத்தின் அளவு, வீரனின் தொப்பி நிறம். வரிசை மட்டும் முடியாது.

அண்ணனுக்குப் பயிற்சி கொடுக்கும் பிசியோவிடம் போனில் கேட்டேன். "பழசு அப்படியே உள்ள கெடக்கும் அக்கா. புதுசு ஏறத்தான் நாளாவும். அந்தப் பழைய மெஷின் இல்லியா?"

இருந்தது.

ஜூன் 14, சனி

எழுதியே தீர வேண்டும். முந்தின வருடம் சபையின் அறுப்பின் பண்டிகை ஏலத்துக்கு அந்தப் பழைய மெஷினைக் கேசட்டோடு கொடுத்தது நான்தான். கோயிலில் பூசணிக்காய், சேவல், வாழைக்குலை வரிசையில் அதுவும் இருந்தது. அண்ணன் அப்போது மஸ்கட்டில். ஒரு வார்த்தை கேட்கவில்லை. அலமாரியில் இடம் வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

ஏலத்தில் எடுத்தது செல்லத்துரை மாமா என்று அம்மா சொன்னாள். அவர் இப்போது சுசீந்திரத்தில், மகள் வீட்டில். பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன்.

"எடுத்தேன் மக்களே. எடுத்த கையோட ஆண்டவருக்கே திருப்பிக் குடுத்தாச்சு. எனக்கு எதுக்கு அது? மறுபடி ஏலம் விட்டாவ. எடுத்தவனும் திருப்பிக் குடுத்தான். மூணு சுத்து சுத்திச்சு கேட்டியா."

"கடைசியா யாரு மாமா எடுத்தது?"

"சேவல கபிரியேல் எடுத்தான். அது நல்லா ஞாபகம் இருக்கு."

டீ குடிக்காமல் வந்துவிட்டேன். அவர்மேல் கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை?

ஜூன் 15, ஞாயிறு

ஆராதனை முடிந்து, அந்த மெஷினை எடுத்தது யார் என்று போதகர் அறிவிப்பில் கேட்டார். யாரும் எழுந்திருக்கவில்லை. இணையத்திலும் தேடியாயிற்று. அந்தக் கேசட் எங்கும் இல்லை.

வெயில் வந்தது. வேட்டி காய்ந்தது.

மத்தியானம் அண்ணன் தானே புது மெஷினை எடுத்தான். அடிபடுகிறான், மருந்து கேட்கிறான், ஓடுகிறான். எதையும் ஜெயிக்காமல், ஓடி ஓடியே குகை வாசல் வரை போய்விட்டான். அங்கே பெரிய பூதம். ஒரே அடியில் பாதி உயிர் போயிற்று. மூன்றாவது வரி. 'இங்கிருந்து ஓட முடியாது' என்று ஆங்கிலத்தில் வந்தது. மறுபடி மூன்று. மறுபடி அதே.

மெஷினை என் பக்கம் திருப்பிக் காட்டினான்.

"நான் அமுக்கட்டுமா அண்ணா?"

வெடுக்கென்று நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான்.

இதை எழுதும்போது மணி நாலு. பக்கத்திலேயே இருக்கிறேன். கட்டைவிரல் மூன்றாவது வரியின் மேல். பூதம் நிற்கிறது. அவன் முறை.