அரசு வக்கீல் வேஷம் கட்டியது

பிப்ரவரி 3, செவ்வாய்

பனி. இரண்டாவது மாடி வரைக்கும். காரைத் தோண்டி எடுக்கத் தொல்லியல் துறையே வரவேண்டியிருந்தது.

சத்தியமாகச் சொல்கிறேன்: இனி இங்கே எழுதப்போவதை ஒரு ஜீவனும் நம்பாது. நம்பவும் வேண்டாம். பகல் முழுக்கச் சட்டக்கல்லூரியின் இலவச உதவி மையத்தில், “நாலு பேர் அடிச்சாங்கன்னா நாலுன்னே எழுது, அஞ்சாக்காதே” என்று மாணவர்களிடம் கத்துகிறேன். அகதி வழக்கில் ஒரு சொல் கூடினால் ஆள் பொய்யனாகிவிடுவான். வீட்டுக்கு வந்தபின் இந்த நோட்டில்தான் அடியேனுக்கு நாலை நாலாயிரமாக்க உரிமை.

செய்ய வேண்டியவை:
– 12ஆம் தேதி ரவீந்திரன் விசாரணை. நிவேதாவின் கேள்விகளைத் திருத்த.
– பால்.
– பல் டாக்டர் (தள்ளிப்போடு).
– ஹூஸ்டனுக்கு, மகளுக்கு போன்.

ரவி யாழ்ப்பாணத்துக்காரன். இங்கே நியூ ஜெர்சியில், எடிசனில் மளிகைக் கடை வேலை. ஜெயித்தால் மனைவியும் பெண்ணும் இங்கே வரலாம். தோற்றால், எந்த ஊரிலிருந்து தப்பித்தானோ அதே ஊருக்கு விமானம். வாதாடப்போவது மூன்றாம் வருஷ மாணவி நிவேதா. இங்கேயே பிறந்தவள். தமிழ் புரியும், பதில் இங்கிலீஷில். எனக்கு மேற்பார்வை. அதாவது, கோர்ட்டில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து வாயை மூடிக்கொண்டிருக்கும் உத்தியோகம். என் வாய்க்கு!

மகளுக்கு போன் செய்தேன். “அப்பா, மீட்டிங்ல இருக்கேன், கால் யூ லேட்டர்.”

பிப்ரவரி 4, புதன்

பால் மறந்துபோச்சு.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு ரவி வருவான். கையெழுத்து, காகிதம் என்று சாக்கு. அது பத்து நிமிஷம். மீதி நேரம் டீ, கடையில் மிஞ்சின வடை, ஊர்க்கதை. வாரம் முழுக்க நான் தமிழில் வாய்விட்டுப் பேசுவது அப்போது மட்டும்தான். என் புளுகுக்கெல்லாம் “ஓமோ அண்ணை!” என்று கண்ணை விரிப்பான். உலகத்தில் இப்படி ஒரு ரசிகன் சக்கரவர்த்திகளுக்கே வாய்த்ததில்லை.

அவனேதான் இரண்டு வாரம் முன்னால் வடையைப் பிட்டுக்கொண்டே சொன்னான்: “மலேசியாவில இருந்து ஒருக்கா திரும்பிப் போனனான் அண்ணை. அப்பா செத்ததுக்கு.”

தப்பி முதலில் மலேசியாவுக்குப் போனது வாக்குமூலத்தில் உண்டு. இது இல்லை. பாஸ்போர்ட்டைத் திருப்பிப் பார்த்தேன். மங்கலாக ஒரு முத்திரை. எங்கள் யார் கண்ணிலும் படவில்லை. அரசு வக்கீல் கண்ணில் படும். ‘உயிருக்குப் பயந்து ஓடியவர் ஏன் திரும்பிப் போனீர்?’ அந்த ஒரு கேள்வியில் வழக்கு சரிந்துவிடும்.

டீ குடிக்கையில் நம்பிச் சொன்னதை வழக்குக்கு எடுக்கலாமா? இரண்டு வாரமாக இதே யோசனை.

பிப்ரவரி 6, வெள்ளி

ஒத்திகை. மையத்தின் வழக்கப்படி அரசு வக்கீல் வேஷம் எனக்கு. பாதியில் வேஷம் கலைக்கக் கூடாது, சிரிக்கக் கூடாது. என் கர்ஜனையில் கட்டடம் மூன்று அங்குலம் நகர்ந்தது. நியூ ஜெர்சி முழுக்க நாய்கள் கட்டிலுக்கடியில்.

வழக்கமாக ‘தம்பி’. இன்றைக்கு, “மிஸ்டர் ரவீந்திரன், அந்த நாட்டை விட்டு வந்த பிறகு திரும்பிப் போனீங்களா?”

அவன் என்னைப் பார்த்தான். நிவேதா பேனாவைக் கீழே வைத்தாள்.

“ஆமாவா, இல்லையா?”

“அது நான் உங்களுக்கெல்லோ சொன்னனான் அண்ணை. வக்கீலுக்குச் சொல்லேல்ல.”

“கேள்விக்குப் பதில், மிஸ்டர் ரவீந்திரன்.”

கடைசியில் சொன்னான். போனது உண்மை. நாலு நாள். சொந்த வீட்டுக்குப் போகவில்லை. எதிர்த்த வீட்டில் ஒளிந்திருந்தான். “மூத்தவன் நான்தான். கொள்ளி தம்பிதான் வச்சவன். நான் யன்னலுக்குப் பின்னால நிண்டனான்.”

வழக்கையே காப்பாற்றும் பதில். பயமில்லாதவன் ஏன் ஜன்னலுக்குப் பின்னால் நிற்கிறான்?

நிவேதா வெளியே வந்து, “அங்கிள், தட் வாஸ் ப்ரூட்டல்” என்றாள். மற்ற நாளெல்லாம் ‘ப்ரொஃபஸர்’. அப்புறம், அரசு வக்கீல் கேட்பதற்கு முன்னால் நாமே கேட்டுவிடலாமா என்றாள். இதைத்தான் செப்டம்பரிலிருந்து சொல்லிக்கொடுக்கிறேன். பிடித்துக்கொண்டாள்.

டீ போட்டு வைத்திருந்தேன். ரவி, “பஸ்ஸுக்கு நேரமாச்சு” என்று போய்விட்டான். வடைப் பொட்டலம் மேஜை மேலேயே. தனியாகத் தின்றேன். நாற்பது வடை. (நாலு.)

பிப்ரவரி 8, ஞாயிறு

வெயில். சூடு கிடையாது, சும்மா விளம்பரத்துக்கு.

ரவியைத் தனியாகக் கூப்பிட்டு நயமாகக் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் நயமாகச் சொல்லியிருப்பான். அரசு வக்கீல் நயமாகக் கேட்கப்போவதில்லை.

மகள் கட்டைவிரல் படம் ஒன்று அனுப்பினாள். எதற்கு என்று தெரியவில்லை. நானும் ஒன்று அனுப்பினேன்.

பிப்ரவரி 12, வியாழன்

விசாரணை. நிவேதா அந்தக் கேள்வியை நடுவில், சாதாரணமாகக் கேட்டாள். ரவி அவளைப் பார்க்கவில்லை. திரும்பி என்னைப் பார்த்தான்.

ஒரு தலையசைப்பு போதும் அவனுக்கு. ஆனால் சாட்சிக்குத் தலையசைத்தால் சொல்லிக்கொடுத்ததாகிவிடும். மேஜையின் மரக்கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சொன்னான். எதிர்த்த வீடு, ஜன்னல், தம்பி, கொள்ளி. ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. மொழிபெயர்ப்பாளர் ஒரு இடத்தில் நின்று தண்ணீர் குடித்தார். நீதிபதி தேம்பி அழ, சுவரில் அரசு முத்திரையில் இருந்த கழுகு இறங்கி வந்து கண்ணைத் துடைத்துவிட்டது.

அடைக்கலத்துக்கு அனுமதி! அப்பீல் இல்லை என்றது அரசுத் தரப்பு.

வராந்தாவில் நிவேதா அழுதாள். ரவி அவளைக் கையெடுத்துக் கும்பிட்டான். மனைவிக்கு போன் போட்டான். அந்தப் பக்கம் அவன் பெண் சந்தோஷத்தில் கத்துவது எனக்கே கேட்டது. அப்புறம் என் பக்கம் வந்தான். கோட்டுப் பொத்தானைப் பார்த்துக்கொண்டே,

“வழக்கு முடிஞ்சுது. இனி வெள்ளிக்கிழமையளில வரத் தேவையில்லை, என்ன அண்ணை?”

கோபமா, இல்லை கேட்டுப் பார்த்தானா? தெரியவில்லை. கோர்ட்டில் ஆட்டாத தலையை அங்கே ஆட்டினேன்.

பிப்ரவரி 13, வெள்ளி

பனி கரைகிறது. ரவியின் வழக்குக் கோப்பை மூடிக் கையெழுத்துப் போட்டேன். பால் வாங்கினேன். நாலு மணி. நாலே கால். ஹீட்டர் மட்டும் முனகுகிறது.

திருத்தம், சட்டப்படி: பனி ஆறங்குலம். கட்டடம் நகரவில்லை. நீதிபதி அழவில்லை, கழுகு இறங்கவில்லை. நான் வாயே திறக்கவில்லை என்பது மட்டும் உண்மை. கோர்ட்டில் மூன்று மணி நேரம். வராந்தாவிலும்தான். ‘வா’ என்றிருந்தால் போதும். ஒரே எழுத்து.