ஆறாம் வகுப்பில் ஐந்து மாதம்

மே 8, வியாழன்
அக்னி வெயில். ஸ்டியரிங்கைத் தொட முடியவில்லை. நான் பஸ் ஓட்டும் கி.கோவில் காலேஜ் லீவு, பஸ் ஷெட்டில். பின் சீட் ரெண்டு தைக்கணும். ஏர் ஃபில்டர்.

காலையில் மாரிக்கு ப்ளஸ் டூ ரிசல்ட். 560! அறுநூறுக்கு. அவள் அம்மா பேச்சி அழுதாள், அப்புறம் அழாமல் நின்றதற்காக என்னைத் திட்டினாள். ஷெட்டில் எல்லாருக்கும் பால்கோவா. ஒரே மகள், டிரைவர் மகள், இவ்வளவு மார்க். கால் தரையில் இல்லை.

சாயங்காலம் காதர் பாய் கடை. ஜெராக்ஸ் போடுவார், ஆன்லைன் வேலையும் பார்ப்பார். அவர் மகன் அசாரும் இந்த வருஷம்தான், அவனும் அரசுப் பள்ளி. அவனுக்கு 541. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா என்னால்? "பத்தொம்பது மார்க் கூட, பாய்" என்றேன்.

பாய் சிரித்தார். "இன்ஜினியரிங்குக்கு இந்தக் கூட்டல் செல்லாதுண்ணே. தமிழ் எம்புட்டு?"
"97."
"அத விடுங்க. இங்கிலீசு?"
"92."
"அதையும் விடுங்க. கம்ப்யூட்டர் 98ஆ? அதுவும் வராது."

தூக்கிவாரிப் போட்டது. 287 மார்க்கை ஒரே நிமிஷத்தில் ஒன்றுமில்லாமல் ஆக்கிவிட்டார்.

பாய் துண்டுத் தாளில் போட்டுக் கொடுத்தது:
கணக்கு 94, அப்படியே
இயற்பியல் 88, பாதி: 44
வேதியியல் 91, பாதி: 45.5
ஆக 183.5. இருநூறுக்கு.
இதுதான் கட்ஆஃப். இதை வைத்துத்தான் ரேங்க். அசாருக்கு 176.5.

பாதியாம்! என் பிள்ளை இயற்பியலைப் பாதி நேரமா படித்தது? யாரிடம் கேட்பது.

மே 10, சனி
டயர் காற்று பார்த்தாச்சு. வெயில் நேற்றைவிட மோசம்.

பாய் இன்று வேறு கதை சொன்னார். ரேங்க் ரெண்டு வகை. எல்லாருக்கும் பொது ரேங்க். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அது போகத் தனி ரேங்க், ஏழரை சதவீத இடம். அதில் சீட் கிடைத்தால் காலேஜ் ஃபீஸ், ஹாஸ்டல் எல்லாம் சர்க்கார் பொறுப்பு.

மாரி கேட்பது சென்னையில் அரசுக் காலேஜ், கம்ப்யூட்டர். 183.5க்குப் பொது ரேங்கில் அது கஷ்டம். தனி ரேங்கில் கண்ணை மூடிக்கொண்டு கிடைக்கும் என்றார் பாய்.

பேச்சியிடம் சொன்னேன். "ஏழரைன்னா சனில்லா?" என்றாள். "இது நல்ல ஏழரைட்டி" என்றேன். ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஷெட் வரை இருபது பேரிடமாவது சொல்லியிருப்பேன். மாரி சென்னை போகிறாள்.

மே 21, புதன்
கல்யாண டிரிப். வத்திராயிருப்பு, போக வர. மண்டபத்தில் சாம்பார் காலி, ரசம்தான்.

மாரியும் அசாரும் பாய் கடையில் உட்கார்ந்து அவர்களாகவே அப்ளிகேஷன் போட்டுவிட்டார்கள். "போட்டாச்சுப்பா" என்றாள். அவ்வளவுதான். முகம் வாடியிருந்தது. வெயில்.

முந்தாநாள் தனியாகப் பள்ளிக்கூடம் போய் ஹெச்.எம். டீச்சரைப் பார்த்தாளாம். பேச்சி சொன்னாள். நான் என்ன ஏது என்று கேட்கவில்லை.

ஜூன் 11, புதன்
மதியம் மாரி போனில் ஒரு நம்பர் வந்தது. பத்து இலக்கம். உயிரே போய்விட்டது. ரேங்க் கோடிக்கணக்கில் போய்விட்டதா! பேச்சி தண்ணீர் கொண்டுவந்தாள். அப்புறம்தான் மாரி சொன்னாள், அது ரேண்டம் நம்பராம். ரெண்டு பேருக்கு கட்ஆஃப், மற்ற மார்க், பிறந்த தேதி வரை எல்லாம் ஒன்றாக இருந்தால் கடைசியில் அதை வைத்து யார் முன்னால் என்று பார்ப்பார்களாம். ரொம்ப நாளைக்கு அப்புறம் சிரித்தாள்.

ஜூன் 12, வியாழன்
எழுதக் கை வரவில்லை.

பாய் கடையில் அசார் அப்ளிகேஷனைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டிருந்தான். 'அரசுப் பள்ளி ஒதுக்கீடு: ஆம்.' மாரியுடையதையும் எடுடா என்றேன். எடுத்தான். 'இல்லை.'

இல்லை என்றால்? பாய் கண்ணாடியைத் துடைத்துவிட்டுத் திரும்பப் படித்தார். அசாரைப் பார்த்தார். அவன் தலையைக் குனிந்துகொண்டான். "தப்பா அமுக்கிட்டா போலிருக்கு" என்றேன் நான்தான்.

வீட்டில் மாரி தூங்கிவிட்டாள். எழுப்பவில்லை. காலையில் நேரே டீச்சர்.

ஜூன் 13, வெள்ளி
முதல் டிரிப் முடித்துவிட்டு, சீருடையோடு பள்ளிக்கூடம். பிரேயர் முடிந்து பிள்ளைகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தார்கள். ஹெச்.எம். டீச்சர் வராந்தாவில்.

"ஆறாங் கிளாஸ்ல இருந்து பன்னெண்டு வரைக்கும் முழுசா அரசுப் பள்ளியில படிச்சிருக்கணும். மாரி ஆறாவதுல அஞ்சு மாசம் மெட்ரிக் பள்ளியில இருந்திருக்கா. கம்ப்யூட்டர்ல பதிவு இருக்கு."

ஐயோ. அந்த அஞ்சு மாசம்!

ஏழு வருஷம் முன்னால். அப்போது நான் அந்த மெட்ரிக் பள்ளிக்கு வேன் ஓட்டினேன். ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் டை கட்டி ஏற்றிக்கொண்டு போகிறோம், நம் பிள்ளை மட்டும் நடந்து போகணுமா என்று ஒரு வீம்பு. கொண்டுபோய்ச் சேர்த்தேன். கார்த்திகையில் மேனேஜரோடு வழுக்கை டயர் விஷயமாகச் சண்டை. சாவியை அவர் மேஜையில் எறிந்தேன், மாரியின் டி.சி.யை வாங்கிக்கொண்டு வந்தேன். திரும்ப அரசுப் பள்ளி. அதோடு மறந்தும் போனேன். சேர்த்ததும் நான், எடுத்ததும் நான். அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"அசார் எட்டாவது வரைக்கும் தனியார் பள்ளிதான டீச்சர், அவனுக்கு மட்டும் எப்படி?"
"அந்தப் பையன் சர்க்காரே ஃபீஸ் கட்டுற இலவச ஒதுக்கீட்டுல படிச்சவன். அதுக்கு விதி இருக்கு. நீங்க ஃபீஸ் கட்டிச் சேத்திருக்கீங்க."

அவனுக்கு எட்டாவது வரை செல்லும். என் பிள்ளைக்கு ஐந்து மாதம் செல்லாது. இதைக் கேட்டதும் எனக்குக் கண் மண் தெரியவில்லை. அந்தப் பதிவை எடுங்கள் என்று கத்தினேன். உங்களுக்கு எடுக்க மனசில்லை என்றேன். இன்னும் என்னென்னவோ. வரிசை நின்றுவிட்டது. பிள்ளைகள் எல்லாம் பார்த்தார்கள். பி.டி. டீச்சர் ஓடிவந்தார்.

ஹெச்.எம். டீச்சர் குரலை உயர்த்தவே இல்லை. "நான் மாத்துனா அது பொய்ப் பதிவு. உங்க மக மே மாசமே வந்து கேட்டா. விதியப் படிச்சுக் காட்டுனேன். 'சரி டீச்சர்'னு போயிட்டா. உங்ககிட்ட சொல்லலயா?"

ரெண்டாவது டிரிப்புக்கு இருபது நிமிஷம் லேட். ஸ்ரீவி. ஸ்டாப்பில் பிள்ளைகள் திட்டின. கேட்டுக்கொண்டேன்.

ஜூன் 14, சனி
மாரியிடம் இன்னும் பேசவில்லை. அவளும் பேசவில்லை. பேச்சி இரண்டு பேரையும் பார்த்துவிட்டுச் சோற்றை வைத்துவிட்டுப் போனாள்.

கிளட்ச் கேபிள் மாற்றணும்.

ஜூன் 27, வெள்ளி
மேகமூட்டம், மழை இல்லை. ரேங்க் லிஸ்ட் வந்துவிட்டது.

மாரி: பொது ரேங்க் முப்பதாயிரத்தைத் தாண்டி. தனி ரேங்க் என்ற இடத்தில் ஒரு கோடு.
அசார்: பொது ரேங்க் ஐம்பதாயிரத்தைத் தாண்டி. தனி ரேங்க் நாலே இலக்கம்.

ஏழு மார்க் குறைந்தவன் சென்னை போவான். அவன் மேல் கோபம் வரும் என்று நினைத்தேன், வரவில்லை. பால்கோவாவோடு வீட்டுக்கு வந்தான், மாரியிடம் நீட்டக் கூச்சப்பட்டு நின்றான். அவளே வாங்கி எனக்கும் பேச்சிக்கும் கொடுத்தாள். "சென்னையில ஹாஸ்டல் சாப்பாடு எப்படின்னு சொல்லுலே" என்றாள். அவன் போனதும் பாத்திரம் கழுவப் போய்விட்டாள்.

பின்னாலேயே போனேன். "ஏட்டி, மே மாசமே தெரியும்லா. ஏன் என்கிட்ட சொல்லல?"

குழாயை மூடினாள். "சொன்னா நீங்க ஸ்கூலுக்குப் போயி டீச்சர்கிட்ட கத்துவீங்கப்பா. பிள்ளைக அம்புட்டும் பாக்கும்."

வராந்தாவும் நின்ற வரிசையும் கண் முன்னால் வந்தன. அன்று நடந்தது இவளுக்குத் தெரியுமா? தெரியாமல் இருக்குமா. பள்ளிக்கூடமே பார்த்ததே. ஒரு மாதமாக நான் ஊரெல்லாம் சென்னை சென்னை என்று சொல்லித் திரிந்தேன். பதினேழு வயசுப் பிள்ளை எல்லாவற்றையும் தனியாக வைத்துக்கொண்டு இருந்திருக்கிறது. விதிக்குப் பயந்து இல்லை, எனக்குப் பயந்து.

"நீ சொல்லாமலே போயிக் கத்திட்டு வந்துட்டேன்" என்றேன்.
"தெரியும்பா" என்றாள். குழாயைத் திறந்துவிட்டாள்.

நாளை டிரிப் இல்லை. காலையில் டீச்சர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்கணும். மாரி கூட வருவாளா, தெரியாது. இந்தத் தடவை அவளைக் கேட்டுவிட்டுத்தான் போகணும்.