ஸ்கூல் வேனிலிருந்து டிரெய்லருக்கு

என் தங்கப் பிள்ளைக்கு அம்மா எழுதுவது. நீ உடம்புக்கு ஒன்றும் இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு, ஆஸ்பத்திரியில் ராத்திரி டியூட்டி முடிந்த மறுநாள் பகலில் ஒழுங்காகத் தூங்கி எழுகிறாய் என்று நம்புகிறேன். நம்புகிறேன் என்றுதான் எழுதியிருக்கிறேன், தெரியும் என்று எழுதவில்லை, கவனித்துக்கொள். இங்கே நான் சுகம், உன் அப்பா சுகம், அவருடைய தையல் மிஷினும் எண்ணெய் போட்டதிலிருந்து சுகமாகவே இருக்கிறது. இதையெல்லாம் போனில் சொல்லக் கூடாதா என்று கேட்பாய். போனில் நான் பாதி சொல்லும்போதே நீ சரிம்மா சரிம்மா என்று சொல்லி முடித்துவிடுகிறாய், கடிதத்தில் உன்னால் குறுக்கே பேச முடியாது அல்லவா? அதனால் உட்கார்ந்து நிதானமாகப் படி. கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டாதே, உன் புத்தி எனக்குத் தெரியும்.

பள்ளிக்கூடத்தில் சொந்தமாகப் பஸ் வாங்கிவிட்டார்கள், இனி என் வேன் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள் என்பது உனக்குத் தெரியும். கனரக வண்டி லைசென்ஸ் எடுக்கப் போகிறேன் என்று நான் சொன்னபோது உன் அப்பா ஊசியில் நூல் கோக்கிறதை விட்டுவிட்டு, “லாரியா? நீயா?” என்று கேட்ட கேள்வியும் உனக்குத் தெரியும். நீ ஒருத்தன்தான், “ஓட்டும்மா, ஆனா நல்லா சொல்லிக் குடுக்கிற கம்பெனியாப் பாத்து சேரு, மேனேஜர் சொல்றதைக் கேக்காதே, டிரைவருங்களைக் கேளு” என்று சொன்னாய். அந்தப் பேச்சை நான் தலையில் ஏற்றிக்கொண்டேன் தம்பி. லைசென்ஸ் கைக்கு வந்த மறுநாளே மாப்பிள்ளை பார்க்கிற மாதிரி கம்பெனி பார்க்கக் கிளம்பிவிட்டேன். முதலில் போன இடம் கண்ணாடிக் கதவும் மெத்தை நாற்காலியுமாகப் பார்க்கப் பளபளவென்று இருந்தது. மேனேஜர் வாய்க்கு வாய் மேடம் மேடம் என்றார், குடிக்க ஜூஸ் கொடுத்தார், நாளைக்கே வண்டியை எடுத்துக்கோங்க மேடம் என்றார். முதல் கொஞ்ச நாள் என் பக்கத்தில் யார் உட்கார்ந்து வருவார்கள் என்று கேட்டேன். நீங்க என்ன சின்னப் பிள்ளையா, ஓட்ட ஓட்டத் தானா வந்துடும் என்று சிரித்தார். நானும் சிரித்துவிட்டு, பாத்ரூம் எங்கே என்று கேட்கிற சாக்கில் பின்பக்கம் போய் வண்டிகளைப் பார்த்தேன். டயர் எல்லாம் உன் அப்பா தலை மாதிரி வழவழவென்று இருந்தது. வண்டி நிழலில் படுத்திருந்த டிரைவர் ஒருவரிடம், அண்ணா எத்தனை நாளா இங்கே இருக்கீங்க என்று கேட்டேன். அவர் போன வாரம் சேர்ந்தாராம், அவருக்குப் பக்கத்தில் இருந்தவர் முந்தாநாள் சேர்ந்தாராம், நல்ல இடம் கிடைத்தால் இருவரும் அடுத்த வாரமே கிளம்பிவிடுவார்களாம். எல்லாருமே புதுசு என்றால் பழசெல்லாம் எங்கே போனார்கள் என்று யோசித்தேன். குடித்த ஜூஸுக்கு நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

இப்போது நான் இருக்கிற கம்பெனியைப் பார்த்தால் நீ முகம் சுளிப்பாய். ஆபீஸ் என்பது ஒரு தகரக் கொட்டகை, உட்கார ஒரு பெஞ்சு, அதிலும் ஒரு கால் ஆடும். ஆனால் டிரைவர்கள் படுக்கிற அறையைப் பெருக்கித் துடைத்து வைத்திருந்தார்கள். பெண்கள் பாத்ரூமில் தாழ்ப்பாள் இருந்தது, அந்தத் தாழ்ப்பாள் பூட்டவும் செய்தது. இதெல்லாம் ஒரு விஷயமா என்று உன்னைப் போன்ற ஆண்பிள்ளைகள் கேட்பீர்கள், போய் ஒரு நாள் இருந்து பாருங்கள் தெரியும். வண்டி கழுவிக்கொண்டிருந்த டிரைவரை விசாரித்தேன், அவர் கல்யாணத்துக்கு முன்னால் சேர்ந்தவராம், இப்போது அவர் மகளுக்குக் கல்யாணம் பேசுகிறார்கள். பக்கத்தில் யார் உட்காருவார்கள் என்று இங்கேயும் கேட்டேன். “நீங்கதான் பக்கத்துல உக்காரணும், முதல் ரெண்டு வாரம் ஸ்டீயரிங்கைத் தொடவே கூடாது” என்று சொல்லிவிட்டார்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது, இத்தனை வருஷம் பிள்ளைகளை ஏற்றி இறக்கியவளிடம் தொடாதே என்கிறார்களே என்று. ஆனாலும் மனசுக்குள், இதுதான் இடம் என்று ஒன்று சொல்லிவிட்டது. இன்னொன்றையும் அவர்கள் ஒளிக்கவில்லை. பயிற்சி முடிந்ததும் சோதனை ஓட்டம் உண்டு, இரண்டு முறைதான் வாய்ப்பு, இரண்டிலும் தவறினால் கும்பிடு போட்டு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். என் வயதில் புதிதாக வருகிற ஆளைச் சேர்த்துச் சொல்லிக்கொடுக்கிற கம்பெனி இந்தப் பக்கம் வேறு கிடையாது. இதுவும் போனால் அப்புறம் வீட்டில் உட்கார்ந்து உன் அப்பாவுக்குப் பொத்தான் தைத்துக் கொடுக்க வேண்டியதுதான், அவர் அதற்கும் குறை சொல்வார்.

எனக்குச் சொல்லிக்கொடுக்க வந்தவன் உன்னைவிட நாலைந்து வயதுதான் மூத்தவன். கம்பெனி வண்டிகள் நிற்கிற யார்டில் எல்லாரும் அவனைப் பொறுமை என்றே கூப்பிடுகிறார்கள், வாயைத் திறந்தால் பொறுமை பொறுமை என்பதால். அந்தப் பொறுமைக்கு டீ ஆறுகிற வரைக்கும் காத்திருக்கத் தெரியாது, தினமும் நாக்கைச் சுட்டுக்கொள்வான். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவான். டிரெய்லர் என்பது ஸ்கூல் வேன் மாதிரி இல்லை தம்பி. முன்னால் இருக்கிற தலை ஒரு பக்கம் திரும்பும், பின்னால் வருகிற பெட்டி தன் இஷ்டத்துக்குக் குறுக்கே வெட்டிக்கொண்டு வரும். பின்னால் எடுக்கும்போது பெட்டி இந்தப் பக்கம் போக வேண்டுமென்றால் ஸ்டீயரிங்கை அந்தப் பக்கம் திருப்ப வேண்டும். ஸ்டீயரிங் என் கைக்கு வந்த முதல் வாரம் நான் திருப்பின திருப்பில் பெட்டி போய் யார்டு சுவரைப் பார்த்துக் கும்பிட்டது. “அக்கா, சுவரு எங்கேயும் ஓடிடாது, பொறுமையா அடுத்த தடவை இடிச்சுக்கலாம்” என்றான் படவா. ஒவ்வொரு பாடமும் முடிந்ததும் அவன் ஒரே ஒரு விஷயத்தைத் திரும்பச் சொல்வான். சந்தேகமா, நிறுத்து, இறங்கு, பின்னால் போய்ப் பார், மறுபடியும் சந்தேகமா, மறுபடியும் இறங்கு. எனக்கோ இறங்க வெட்கம். சுற்றி இத்தனை ஆம்பளைகள் நிற்கும்போது முட்டி வலியோடு ஏணிப்படி பிடித்து இறங்கி ஏறினால் என்ன நினைப்பார்கள் என்று கண்ணாடியைப் பார்த்தே ஒப்பேற்றிக்கொண்டிருந்தேன்.

முதல் சோதனை ஓட்டம் வந்தது. சோதிக்க வந்த அதிகாரி பேசவே மாட்டார், மடியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நான் மேட்டில் கியர் மாற்றினேன், ரவுண்டானாவில் பெட்டி யாரையும் உரசாமல் அகலமாகத் திருப்பினேன், பெரிய ரோட்டில் முன்வண்டிக்கு இடம் விட்டு வந்தேன், எல்லாம் அருமையாகப் போய்க்கொண்டிருந்தது. யார்டுக்குத் திரும்புகிற வழியில் ஒரு பள்ளிக்கூடம். மணி அடித்து, கேட் திறந்து, யூனிபார்ம் போட்ட பிள்ளைகள் பையும் தண்ணீர் பாட்டிலுமாக வெளியே வந்தார்கள். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அப்புறம் நடந்ததெல்லாம் என் கையும் காலும் என்னைக் கேட்காமல் செய்தது. இண்டிகேட்டர் போட்டு, ஓரம் கட்டி, கேட்டுக்கு நேராக டிரெய்லரை நிறுத்தி, நாலு விளக்கையும் மினுக்க விட்டு, கதவு திறக்கிற லீவரைக் கையால் தேடிக்கொண்டிருக்கிறேன்! அது வேனில்தானே இருக்கும்? பின்னால் திரும்பி, எல்லாரும் உட்காருங்க, ஜன்னலுக்கு வெளியே கை நீட்டாதீங்க என்றும் சொல்லிவிட்டேன். பின்னால் இருந்தது டிரைவர் படுக்கிற கட்டில். கீழே ஒரு குட்டிப் பெண் வந்து நின்று, இந்த வேன் எங்க தெருவுக்குப் போகுமா என்று கேட்கிறாள். வாட்ச்மேன் விசில் ஊதுகிறார், பின்னால் நின்ற வண்டி எல்லாம் ஹார்ன் அடிக்கிறது. அதிகாரி முதல் தடவையாக வாயைத் திறந்து, யாரை ஏத்தப் போறோம் என்று கேட்டார். பூமி பிளந்து என்னை விழுங்கினால் தேவலை என்று இருந்தது. நிற்கக் கூடாத இடத்தில் நிறுத்தியதால் தவறியாச்சு, இன்னும் ஒரு வாரம் பழகி மறுபடி வாங்க என்றார். யார்டில் இறங்கியதும் டயரில் சாய்ந்து நின்று அழுதுவிட்டேன் தம்பி, பொய் சொல்லவில்லை. பொறுமை வந்து நின்றான். “அக்கா, நீங்க சொன்ன அந்தக் கண்ணாடிக் கதவு கம்பெனியா இருந்தா இன்னைக்கே சாவியைக் குடுத்து அனுப்பியிருப்பாங்க. ஒரு வாரம் தராங்களே, வாங்கிக்கோங்க” என்றான். அவன் சொன்னது நியாயம்தான்.

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னால் உன் அப்பா அப்பாடா என்று சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அந்த மனுஷன் கத்தரிக்கோலை மேஜையில் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரரே எட்டிப் பார்த்தார். “பிள்ளைங்களைப் பாத்து வண்டியை நிறுத்துறவளை விட்டா வேற எவ நல்ல டிரைவர்? அந்த ஆளுக்குக் கண்ணு இருக்கா?” என்று ஒரே சண்டை, ஏதோ அதிகாரி நம் வீட்டு அடுப்படியில் நிற்கிற மாதிரி. லாரியே வேண்டாம் என்று சொன்ன வாய்தான் அது! மறுநாள் காலையில் பார்த்தால் துணி வெட்டுகிற மேஜையைக் காலி பண்ணி, சோப்பு டப்பாவையும் செருப்பு வாங்கின அட்டைப் பெட்டியையும் ஒரு ஊக்கால் இணைத்து டிரெய்லர் செய்து வைத்திருக்கிறார். நூல்கண்டுகள் எல்லாம் இரண்டு பக்கமும் நிற்கிற லாரிகள். அவற்றுக்கு நடுவே பின்னால் எடு என்கிறார். தினமும் சாப்பாடு முடிந்ததும் இதுதான் வேலை. நான் நூல்கண்டைத் தள்ளிவிட்டால் அபராதமாக அன்றைக்குப் பாத்திரம் நான் கழுவ வேண்டும், தள்ளாவிட்டால் அவர். மூன்றாம் நாளிலிருந்து பாத்திரம் அவர்தான் கழுவுகிறார். துணியின் முன்பக்கத்தை லேசாகத் திருப்பினாலே பின்பக்கம் எவ்வளவு விலகும் என்று இத்தனை வருஷமாகப் பார்க்கிறவர் அல்லவா, என்னைவிட அவருக்குச் சட்டென்று பிடிபட்டுவிட்டது. பேசாமல் நீங்களே லாரி ஓட்டுங்களேன் என்றேன், எனக்குக் கட்டில் மேலே ஏறினாலே தலை சுத்தும் என்றார்.

இரண்டாவது சோதனை போன வெள்ளிக்கிழமை. அதே பள்ளிக்கூடம் வழியாகவே கூட்டிப் போனார் அந்த அதிகாரி, வேண்டுமென்றேதான். பிள்ளைகளைப் பார்த்தேன், வேகத்தைக் குறைத்தேன், ஸ்டீயரிங் பிடித்த கையை இன்னொரு கையால் கிள்ளிக்கொண்டு நிற்காமல் கடந்துவிட்டேன். கடைசியாக ஒரு பெரிய கிடங்கு. சரக்கு ஏற்றுகிற மேடையில் இரண்டு லாரி நிற்கிறது, நடுவில் இருக்கிற சந்தில் பின்னால் எடுக்க வேண்டும். சுமை தூக்குகிறவர்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்க உட்கார்ந்துவிட்டார்கள். ஒருவர் பின்னால் நின்று பெட்டியைத் தட்டித் தட்டி வா வா வா வரலாம் வா என்று கத்துகிறார். கொஞ்சம் எடுத்தேன், நிறுத்தினேன், இறங்கிப் போய்ப் பார்த்தேன், ஏறினேன். மறுபடி எடுத்தேன், மறுபடி இறங்கினேன். “அக்கா வண்டியில வந்ததைவிட நடந்ததுதான் அதிகம்” என்று ஒரு குரல், எல்லாரும் சிரிப்பு. எனக்குக் காது சுட்டது. இன்னும் ஒரு முழம்தான், வா வா என்று அந்த ஆள் தட்டுகிறார், கண்ணாடியில் எல்லாம் நேராகத்தான் தெரிந்தது. ஆனாலும் மனசு ஒப்பவில்லை. இன்னொரு தடவை இறங்க வேண்டுமா என்று அதிகாரி கேட்டார். ஆமாம் சார் என்றேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும் என்று முட்டியைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் பின்னால் போய் அண்ணாந்து பார்த்தால், மேடையின் இரும்பு ஷட்டரைப் பாதிதான் தூக்கி வைத்திருக்கிறார்கள். வா வா என்றவர் சக்கரத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். நான் எடுத்திருந்தால் பெட்டியின் மேல்பக்கம் ஷட்டரோடு கிழிந்து அவர் தலையிலேயே விழுந்திருக்கும். அண்ணா, அதை முழுசா தூக்குங்க என்றேன். அப்புறம் அங்கே ஒருத்தரும் சிரிக்கவில்லை. ஷட்டரைத் தூக்கினார்கள், நான் ஏறி, மேடை ஓரத்து ரப்பரைத் தொடுகிற அளவுக்குப் பின்னால் கொண்டு வந்து நிறுத்தினேன். வண்டியை யார்டுக்குத் திருப்பினேன். உள்ளே வந்ததும் அதிகாரி வண்டியை அணைக்கச் சொல்லி, சாவியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றார்.

எனக்கு ஒரு நிமிஷம் புரியவே இல்லை தம்பி. பொறுமை வாசலிலிருந்து செருப்பு ஒன்று கழன்றுபோனதுகூடத் தெரியாமல் ஓடி வந்தான். உன் அப்பாவுக்குப் போன் செய்தேன், அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, ஜலதோஷம் என்றார். ஞாயிற்றுக்கிழமை இஞ்ச் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு யார்டுக்கே வந்துவிட்டார், கண்ணை இறுக மூடிக்கொண்டு ஏணியில் ஏறி, என் வண்டிக் கட்டிலுக்குத் திரை தைக்க அளவெடுத்துக்கொண்டு போனார். நீலமா பச்சையா என்று இன்னும் சண்டை ஓடுகிறது. எனக்கு இவ்வளவு சந்தோஷம் நீ பிறந்த அன்றைக்கு இருந்தது, அப்புறம் இப்போதுதான்.

உடம்பைப் பார்த்துக்கொள், நேரத்துக்குச் சாப்பிடு, டீயை மட்டும் குடித்து வயிற்றை ஏமாற்றாதே. நான் ஓட்டும்போது போன் எடுக்க மாட்டேன், எடுக்கவில்லையே என்று பயந்து அப்பாவைக் கூப்பிட்டு அவரையும் பயமுறுத்தாதே. நூறு வயது நன்றாக இரு, உன் கையால் மருந்து வாங்குகிறவர்கள் எல்லாரும் எழுந்து நடக்கட்டும். இன்னொன்று. எனக்குத் தனியாகக் கொடுத்திருக்கிற முதல் சரக்கு உன் ஊருக்கு. எப்ப வரே, எப்ப வரே என்று உன்னைக் கேட்டுக் கேட்டு நீயும் லீவு இல்லை, லீவு இல்லை என்று சொல்லி எத்தனை நாள் ஆயிற்று. இனி நான் கேட்க மாட்டேன். உன் ஊருக்கு வெளியே இருக்கிற பெரிய பெட்ரோல் பங்கில் அடுத்த வாரம் புதன்கிழமை சாயங்காலம் வண்டியை நிறுத்தியிருப்பேன், வந்து ஒரு வாய் என் கையால் சாப்பிட்டுவிட்டுப் போ.

உன் அம்மா,
டிரெய்லர் டிரைவர்.