பின்சீட்டில் மெர்சி

நவ. 10, திங்கள்

காலையில் தூறல். துணி காயவில்லை. அப்டேட்டும் வரவில்லை.

மெர்சியை அவள் வேலை பார்க்கும் பள்ளியில் இறக்கிவிட்டேன். இன்றும் பின்சீட்டில்தான். முன்னால், என் பக்கத்தில் உட்கார்ந்து பெல்ட்டை ஒழுங்காக மாட்டினாலும், மாட்டவில்லை என்று வண்டி டிங் டிங் என்று கத்துகிறது. ராஜகீழ்ப்பாக்கத்தில் ஆரம்பித்தால் தாம்பரம் வரை ஓயாது. பின்னால் உட்கார்ந்தால் சத்தமில்லை. சர்வீஸ் சென்டரில் கேட்டதற்கு, "அடுத்த சாஃப்ட்வேர் அப்டேட்ல சரியாயிடும் சார். வண்டியை இங்க கொண்டுவரவே வேணாம், காத்துலயே வந்துடும்." காற்றில் தூசி வருகிறது, கொசு வருகிறது. இது மட்டும் வருவதாகக் காணோம்.

பின்சீட்டில் மெ. விடைத்தாள் திருத்துகிறாள். பேச்சே இல்லை. பழைய ஸ்கூட்டரிலும் பின்னால்தான் உட்காருவாள். ஆனால் கை என் தோளில் இருக்கும், ஊர்க்கதை முழுக்கக் காதில் விழும். பிள்ளைகள் வெளியூர் போன பிறகு இரண்டு பேரும் பேசிக்கொண்டே சுற்றலாம் என்றுதான் இந்த எலெக்ட்ரிக் காரையே வாங்கியது. இன்று பள்ளி வாசலில் ஒரு அம்மா, "டிரைவர் அண்ணா, மேடம்தான் இறங்கிட்டாங்கல்ல, வண்டியை எடுங்க" என்றாள். எடுத்தேன்.

நவ. 11, செவ்வாய்

வெயில். வாங்க வேண்டியவை: முட்டை, பினாயில், மெ.க்குச் சிவப்புப் பேனா.

இதே வண்டி வைத்திருப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரே பரபரப்பு. ஒருவர்: "பல்லாவரம் வந்துடுச்சு!" இன்னொருவர்: "குரோம்பேட்டை தாண்டிடுச்சா?" அப்டேட் என்ன பீச் - தாம்பரம் லோக்கல் ரயிலா, ஸ்டேஷன் ஸ்டேஷனாக நின்று வர? தனியாகச் சிரித்தேன். பத்து நிமிஷம் கழித்து நானும் அடுத்த ஸ்டேஷனைச் சொல்லி "சானடோரியம்?" என்று கேட்டுவைத்தேன். பதிலாகக் கைகூப்பும் படம் ஒன்று.

மேடவாக்கத்துக்காரர் ஒருவரின் யோசனை: வண்டியை வடக்கு பார்த்து நிறுத்தினால் சீக்கிரம் வருகிறதாம். படித்தவன் பேசுகிற பேச்சா இது? சாயங்காலம் சும்மா ஒரு மாறுதலுக்காகத் திருப்பி நிறுத்தினேன்.

முட்டை மறந்துவிட்டது.

நவ. 12, புதன்

கீழ்வீட்டு நஜீர் பாய்க்கு வந்துவிட்டது. தாம்பரத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர். அதே வண்டி, அதே நிறம், எனக்குப் பிறகு வாங்கியது. "நான் ஒண்ணுமே பண்ணல சார். டீ குடிச்சுட்டு வந்து பார்த்தா முடிஞ்சிருந்தது. உங்களுக்கும் வந்துடும், இன்ஷா அல்லாஹ்" என்றார். நல்ல மனிதர். இன்று ஏனோ பிடிக்கவில்லை.

வண்டி ஓரிடத்தில் நின்றால்தான் வருகிறது என்று குழுவில் பலர் சொல்கிறார்கள். ஆகவே இனி எடுப்பதில்லை. வைஃபை பெட்டியை ஜன்னல் கம்பியில் கட்டி, வண்டியைப் பார்க்கத் திருப்பி வைத்தேன். நாளை முதல் நான் பஸ், மெ. ஷேர் ஆட்டோ. சொன்னேன். உடனே "சரி" என்றாள். அதுதான் பயமாக இருக்கிறது.

நவ. 14, வெள்ளி

புழுக்கம். வாட்ச்மேன் பிடித்துக்கொண்டார்.

"இன்னா சார், வண்டி சொம்மாவே நின்னுகினு கீது? ரிப்பேரா?"

"இல்லப்பா, வெயிட்டிங்."

"யாருக்கு சார்?"

போய்விட்டேன்.

எழுந்ததும் போனில் வண்டியின் ஆப்பைத் திறந்து பார்த்தேன். இல்லை. பல் தேய்த்தேன். பார்த்தேன். இல்லை. ஆபீஸ் மீட்டிங்கில் மேசைக்கடியில். இல்லை. மேனேஜர் பேசும்போது தலையாட்டிக்கொண்டே ஒரு தடவை. இல்லவே இல்லை. சாயங்காலக் குடும்ப ஜெபத்தில், உடம்பு சரியில்லாதவர்கள் பெயரெல்லாம் சொல்லி முடித்த பிறகு, வண்டியின் பெயரும் வாயில் வந்துவிட்டது. மெ. ஒரு கண்ணைத் திறந்து பார்த்தாள். ஆண்டவர் மன்னிப்பார். இவள்?

நவ. 15, சனி

நல்ல மழை. வண்டி செத்துக் கிடக்கிறது.

கதவே திறக்கவில்லை. ஓட்டுகிற பெரிய பேட்டரியில் சார்ஜ் நிறைய இருக்கிறதாம். கதவு, விளக்கு, திரைக்கெல்லாம் தனியாக ஒரு சின்ன பேட்டரி, அதுதான் காலி. சர்வீஸ் சென்டர் பெண் போனில் கேட்டாள்: "ஆப்பை அடிக்கடி திறப்பீங்களா சார்?"

"எப்பவாவது."

பின்னால் மெ. சிரிக்கிற சத்தம்.

"நீங்க ஆப்பைத் திறக்கறப்பல்லாம் வண்டி முழிச்சுக்கும் சார். அதைத் தூங்கவே விடல போல. நேத்தே உங்களுக்கு அப்டேட் வந்திருக்கு. சின்ன பேட்டரி வீக்குன்னு திரும்பிப் போயிடுச்சு."

வாசல் வரை வந்து திரும்பிப் போயிருக்கிறது! நானே எழுப்பி எழுப்பி விரட்டியிருக்கிறேன். மறுபடி வருமாம், எப்போது என்று தெரியாதாம். ஆள் வந்து பேட்டரிக்கு உயிர் கொடுத்துவிட்டுப் போனார். மெ. என் போனிலிருந்து ஆப்பை எடுத்துவிட்டுத் தன் போனில் போட்டுக்கொண்டாள். குடிகாரன் வீட்டில் பாட்டிலை ஒளித்துவைப்பார்களே, அப்படி.

நவ. 19, புதன்

மத்தியானம் மெ. ஆபீசுக்குப் போன் செய்தாள். "என்னங்க, அப்டேட் வந்திருக்காம். இப்போ போடவா, அப்புறம் போடவான்னு கேக்குது. எனக்கு எட்டாங்கிளாஸ் இருக்கு. அப்புறம்னு போட்டுட்டேன்."

சாயங்காலம் வரை கடிகாரத்தையே பார்த்தேன்.

பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தால், போனைக் கையில் வைத்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்திருக்கிறாள். "அமுக்கு" என்றேன்.

"முதல்ல ஒண்ணு சொல்லுங்க. வண்டி கத்துனப்பல்லாம் நீங்க என்ன சொன்னீங்க?"

"பெல்ட்டைச் சரியா மாட்டுன்னு."

"நான் மாட்டியிருந்தேனா இல்லையா?"

"மாட்டித்தான் இருந்த."

"அப்ப அந்த டப்பா சொன்னதை நம்புனீங்க, பக்கத்துல உட்கார்ந்து நான் சொன்னதை நம்பல. அதான் பின்னாடி போனேன். சத்தத்துக்குப் பயந்தா? முப்பத்தஞ்சு பிள்ளைங்க சத்தத்துல தினம் நிக்கறவ நான்."

சுருக்கென்றது. சத்தம் நின்றால் முன்னால் வந்துவிடுவாள் என்றுதானே இத்தனை நாள் காத்திருந்தேன்!

"தப்பு வண்டியோடதுதான்" என்றேன். போனை மடியில் கவிழ்த்தாள். "என்னோடதும். மன்னிச்சுக்கோ மெர்சி."

அமுக்கினாள். அரை மணி நேரத்தில் முடிந்தது. என்னென்ன மாற்றம் என்று வந்த குறிப்பில் ஒரே வரி: சிறு பிழைகள் சரிசெய்யப்பட்டன.

நவ. 20, வியாழன்

வைஃபை பெட்டியை அவிழ்த்து உள்ளே வைத்தேன். முட்டை வாங்கினேன். மெ.க்குக் காலையிலேயே பள்ளியில் விழா வேலை, தோழியோடு போய்விட்டாள். நாளையும் அப்படித்தானாம். இனி முன்சீட்டில் உட்காருவாளா என்று கேட்கத் தைரியம் இல்லை. ஞாயிறு தெரிந்துவிடும்.

நவ. 23, ஞாயிறு

மழை விட்டிருந்தது. ஆராதனைக்குக் கிளம்பினோம். நான் ஸ்டீயரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். முன்கதவு திறந்தது. உட்கார்ந்தாள். பெல்ட். சத்தமில்லை.

கேம்ப் ரோடு சிக்னலில் பேச ஆரம்பித்தாள். ஹெட்மிஸ்ட்ரஸ் விழாவில் மைக்கை விடாத கதை. அது முடிவதற்குள் சேலையூரில் அவள் அக்கா மகளுக்குப் பெண்பார்க்க வந்தவர்கள் கதை. மாப்பிள்ளையின் அம்மா கேசரியைத் தொடாமல், "பொண்ணு சம்பளம் எவ்ளோ?" என்றாளாம். அதற்கு அக்கா வாயைத் திறந்தாளாம்.

சர்ச் வாசல் வந்தது. நேரே ஓட்டினேன்.

"என்னங்க, சர்ச் போயிடுச்சு!"

"தெரியும். அக்கா என்ன சொன்னா, அதைச் சொல்லு."