தூக்குக்குண்டு எழுதிய குறை அறிக்கை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், என் வலது முழங்காலை மட்டும் இதில் சேர்க்கவில்லை, அது அறுவை சிகிச்சைக்குப் பிறகு தனிக்குடித்தனம் போய் நாலு வருடமாகிறது. நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, குனிந்தே வரைந்து முதுகைக் கெடுத்துக்கொள்ளாமல் நன்றாக இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன். போனில் சொல்லலாமே, கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவாய். கடிதத்தைக் கிழிக்க வேண்டுமென்றாலும் முதலில் உறையைப் பிரித்தாக வேண்டும், பிரித்தவள் படிக்காமல் இருக்க மாட்டாள், பெற்றவனுக்கு இதுகூடத் தெரியாதா. விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் வரையும் பேய்க் கார்ட்டூன் தொடரைப் பற்றி ரசிகர்கள் கருத்து எழுதும் இணையதளத்தில் கொத்தனார் சுவருக்குப் பிடிக்கிற தூக்குக்குண்டின் பெயரை வைத்துக்கொண்டு ஒரு ஆசாமி உலவுகிறானே, ஒன்பதாம் பகுதியில் வரும் படிக்கட்டுக் காட்சியைக் கிழித்துத் தோரணம் கட்டினானே, அவன் கையில் கிடைத்தால் தலையில் மைப்புட்டியைக் கவிழ்ப்பேன் என்று உன் அம்மாவிடம் நீ மூன்று வாரமாகக் கறுவுகிறாயே, அந்த ஆசாமி நான்தான். எழுந்து நிற்காதே, உட்கார். முழுக்கப் படித்துவிட்டுத் திட்டு.

ஆரம்பித்து வைத்தது உன் மாமா. பொறியியல் படித்து முடித்த கையோடு உன்னைப் பேய்ப்படம் வரைய அனுப்பச் சொல்லி உன் அம்மாவின் காதில் ஓதியதும் அவர்தான், விமான நிலையத்தில் உன் பெட்டியை என் கையிலிருந்து பிடுங்கித் தான் தூக்கிக்கொண்டு போனதும் அவர்தான். இரண்டையும் நான் மறக்கவில்லை, மறக்கும் உத்தேசமும் இல்லை. இரண்டு மாதத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து உட்கார்ந்து, என் நாற்காலியில்தான், "மச்சான், உங்க பொண்ணு வேலை பார்க்கற அனிமேவை உலகமே கொண்டாடுது, நீங்க இன்னும் ஒரு பகுதிகூட பார்க்கலையாமே, நல்ல அப்பா போங்க" என்றார். உலகத்தில் யாராவது ஒருத்தர் அந்தத் தொடரைத் திட்டியிருப்பார், அதைக் காட்டி இவர் வாயை அடைக்கலாம் என்றுதான் அந்தத் தளத்துக்குள் நுழைந்தேன். உள்ளே பார்த்தால் கல்யாண வீடு மாதிரி இரைச்சல். அரைத்தூக்கம் என்று ஒருவர், லிஃப்ட் அக்கா திருப்புளியை எடுத்தாலே உடம்பெல்லாம் புல்லரிக்கிறது என்று எழுதியிருக்கிறார். லிஃப்ட் பழுது பார்க்கிற பெண் ஒருத்தி இரண்டு மாடிகளுக்கு நடுவே சிக்கிய பேய்களைத் திருப்புளியால் அடக்குகிறாள் என்பதே கதை என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. தண்ணீர்த்தொட்டிப் பேய்க்குப் பலம் அதிகமா, ஜெனரேட்டர் பேய்க்கா என்று இரண்டு பேர் மூன்று நாள் மல்லுக்கட்டி, கடைசியில் ஒருவர் இன்னொருவரின் அண்ணன் கல்யாணத்துக்குப் போகப் போவதில்லை என்று அறிவித்துவிட்டார். ஒரு பெரிய மனிதர் ஒரு பகுதியையும் பார்க்காமலே ஏழு பக்கத்துக்குக் கருத்து எழுதியிருந்தார், அவரைப் படித்ததும் அலுவலக ஞாபகம் வந்தது, கட்டடத்தின் பக்கமே போகாமல் கையெழுத்துப் போட்ட என் மேலதிகாரிகள் அத்தனை பேரும் கண்முன் வரிசையாக வந்து நின்றார்கள். சரி, நாமாவது பார்த்துவிட்டுக் குறை சொல்வோம் என்று ஒரே வாரத்தில் எட்டுப் பகுதியையும் பார்த்து முடித்தேன். நன்றாகத்தான் இருந்தது. இதை உன் மாமாவிடம் சொல்லாதே. நன்றாக இருந்ததே எனக்குப் பெரிய எரிச்சலாகிவிட்டது.

அப்போதுதான் ஒன்பதாம் பகுதி வந்தது. ஒரு அவமானத்தையும் மறக்காத அந்த வன்மக் கிழவன் பேய், லிஃப்ட் கயிற்றை அறுத்துவிட்டுப் படிக்கட்டில் இறங்கி வருகிறான், எழுபது விநாடி சண்டையும் இல்லை, இசையும் இல்லை, வெறுமனே இறங்குகிறான். ரசிகர்கள் எல்லோரும் ஆகா என்றார்கள். நான் படத்தை நிறுத்தி, திரையில் அடிக்குச்சியை வைத்து, கிழவனின் செருப்பை இருபத்தாறு சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டு படியை அளந்தேன். முப்பது வருடமாகக் கட்டடங்களை ஆய்வு செய்து பழகிய கை, வேறு எப்படிப் பார்க்கும். அளந்துவிட்டு அலுவலக பாணியிலேயே ஒரு குறை அறிக்கை போட்டேன். படியின் உயரம் இருபத்தொரு சென்டிமீட்டர், விதிப்படி இது மனிதர் ஏறும் படி அல்ல. கைப்பிடி கடைசிப் படிக்கு ஒரு படி முன்பே முடிந்துவிடுகிறது, இப்படி ஒரு கைப்பிடி பொருத்த எந்த வேலைக்காரனுக்கும் கை கூசும். இறங்குகிற பேய் நடுநடுவே கைக்கடிகாரத்தைப் பார்க்கிறது, பேய் எந்த அலுவலகத்துக்கு நேரத்தில் போய்ச் சேர வேண்டும்? வரைந்தவர் தம் வாழ்நாளில் ஒரு படிக்கட்டையோ, அதில் இறங்குகிற மனிதனையோ பார்த்ததில்லை. காட்சியை இடித்துவிட்டுத் திரும்பக் கட்டவும். இவ்வளவுதான் எழுதினேன். யாரோ ஒரு புண்ணியவான் அதை ஆங்கிலத்தில் போட்டு முகப்பில் ஏற்றிவிட்டான். "இடித்துவிட்டுத் திரும்பக் கட்டவும்" என்று எதைப் பார்த்தாலும் எழுத ஆரம்பித்துவிட்டார்கள், யாரோ தன் காதலியின் தலை அலங்காரத்தைப் பார்த்துக்கூட எழுதி அடி வாங்கியதாகக் கேள்வி. முப்பது வருடத்தில் என் அறிக்கையை ஐந்து பேர் சேர்ந்தாற்போல் படித்ததில்லை, இதற்குப் பத்தொன்பதாயிரம் பேர் விருப்பம் தெரிவித்திருந்தார்கள். தலை கொஞ்சம் வீங்கித்தான் போயிற்று, ஒத்துக்கொள்கிறேன். அந்த எழுபது விநாடியும் நீ வரைந்தது என்று எனக்குத் தெரியாது. நீ சொல்லவில்லை. உன் அம்மா கேட்டாள், அவளிடம் சொன்னாய். நான் கேட்கவில்லை.

போன ஞாயிறு காலையில் நீ பேசும்போது உன் அம்மா போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நான் அடுத்த அறையில் செருப்புக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தேன். "அந்தத் தூக்குக்குண்டோட அறிக்கையைக் குழுத் தலைவர் சுவத்துல ஒட்டி வச்சிருக்காரும்மா. தொடர் குறுந்தகடா வரும்போது வேற ஆளை வச்சுக் காட்சியைத் திரும்ப வரையலாமான்னு மாசக் கடைசியில முடிவு பண்றாங்க. அப்படிப் பண்ணிட்டா என்னை நிரந்தரமா எடுக்க மாட்டாங்க. அப்பாகிட்ட சொல்லிடாத, சந்தோஷப்படுவாரு" என்றாய். செருப்பு என் கையிலேயே இருந்தது. அந்தக் கடைசி வார்த்தைக்கு எனக்குக் கோபம் வரவில்லை என்றால் நம்ப மாட்டாய். உன் அம்மா போனை வைத்துவிட்டு நேரே என்னிடம் வந்து, "வாங்க, உங்க பொண்ணு வரைஞ்சதை ஒருதடவை பாருங்க" என்றாள். பார்த்தாயிற்று என்றேன். "அளந்தாச்சுன்னு சொல்லுங்க. உலகத்துல வேற யாருக்குங்க பேயை விட்டுட்டுப் படியை அளக்கத் தோணும்? முதல் நாளே எனக்குத் தெரியும்." ஏன் உன்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொல்லியிருந்தா உங்க ரெண்டு பேரையும் திரும்பச் சேர்த்து வைக்க எனக்கு ஆயுசு பத்தாது. நீங்களா உணர்ந்து நிறுத்துவீங்கன்னு பார்த்தேன், நீங்க என்னடான்னா விருப்பத்தை எண்ணிக்கிட்டு உட்கார்ந்திருக்கீங்க." பிறகு காட்சியைப் போட்டாள், அடிக்குச்சியை எடுத்து அலமாரியின் மேல் வைத்துவிட்டாள். "வலது கால் முதல்ல இறங்குது, இடது கால் அதே படிக்கு வந்து சேருது, பாருங்க. மூணு படிக்கு ஒருதரம் நிக்கறாரு. முழங்கால் வலிக்குதுன்னு யாரும் நினைச்சுடக் கூடாதாம், அதுக்காக ஏதோ அவசர வேலை இருக்கற மாதிரி கடிகாரத்தைப் பார்க்கறாரு. இந்தப் பேயோட எனக்கு முப்பது வருஷமா குடித்தனம்."

மல்லாந்து படுத்துக்கொண்டு எச்சில் துப்பினால் எங்கே விழும் என்பதற்கு என் கதையைப் பாடத்தில் வைக்கலாம். அளவு நாடாவை எடுத்துக்கொண்டு நம் குடியிருப்பின் படிக்கட்டுக்குப் போனேன். கைப்பிடி கடைசிப் படிக்கு ஒரு படி முன்னால் முடிகிறது. அதைச் சரி செய்யச் சொல்லிக் குடியிருப்புச் செயலாளருக்கு ஒன்பது வருடத்தில் பதினான்கு கடிதம் எழுதியவன் நான், எழுதியவனே உன் படத்தில் அதைப் பார்த்துவிட்டு இப்படி ஒரு கைப்பிடியைப் பொருத்த எவனுக்கும் கை கூசும் என்கிறேன். படியின் உயரம் இருபத்தொன்று. ஒரு மில்லிமீட்டர் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அத்தனை தூரத்தில் உட்கார்ந்து, நாடா இல்லாமல், நினைவிலிருந்து போட்டிருக்கிறாய். எங்கள் அலுவலகத்தில் நாடாவோடு போகிறவர்களுக்கே இது வராது. (வன்மக் கிழவனின் கதையை எழுதியவர் உன்னை ஏதாவது விசாரித்துவிட்டு எழுதினாரா என்பதைப் பற்றி நாம் பிறகு தனியாகப் பேசுவோம்.) எழுதிய அறிக்கையை நான் வாபஸ் வாங்கியதே கிடையாது, ஒரு தடவை வாங்கச் சொன்னார்கள், மாட்டேன் என்றேன், பதவி உயர்வு போயிற்று, அது சரியான அறிக்கை. இது தப்பான அறிக்கை. அதனால் அன்றைக்கே எழுதினேன்: அறிக்கை ரத்து, படிக்கட்டு உள்ளது உள்ளபடி சரி, ஆய்வாளர்தான் கோணல். உடனே பிடித்துக்கொண்டார்கள். "தூக்குக்குண்டு விலை போயிட்டான்" என்றார் அரைத்தூக்கம். நாலாவது மாடி என்று ஒரு பெண் எழுதுவாள், வாய் நீளம், அவள், "ஐயாவுக்கு மாத்திரை வேளை தவறிடுச்சு போல, வீட்டுல யாராச்சும் இருந்தா குடுங்கப்பா" என்றாள். சொன்னால் நம்ப மாட்டார்கள், காட்டத்தான் வேண்டும் என்று புரிந்தது. உன் அம்மா கீழே நின்று போனில் படம் எடுக்க, நான் இறங்கினேன். தலை தெரியாமல் எடு என்றேன், தலையோடுதான் எடுத்தாள், "சிரிக்காதீங்க, பேய் சிரிக்காது" என்று அதட்டல் வேறு. நடுவில் செயலாளர் ஏறி வந்து என்ன நடக்கிறது என்று கேட்டார், பதினைந்தாவது கடிதத்துக்கு ஆதாரம் என்றேன், ஆள் படியேறிய வேகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். அந்தப் படத்தையும் உன் காட்சியையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிப் போட எனக்குத் தெரியாது. தெரிந்தவர் உன் மாமா ஒருவர்தான். அவர் வீட்டுக்குப் போனேன், அழைப்பு மணியை நானே அழுத்தினேன், காரணத்தையும் நானே சொன்னேன். அவர் சிரித்து முடிக்கப் பத்து நிமிடம் ஆயிற்று, நின்றுகொண்டே இருந்தேன். உனக்குச் செய்த தப்புக்கு இதைவிடப் பெரிய தண்டனையை நீயே யோசித்தாலும் கண்டுபிடிக்க முடியாது.

போட்ட ஒரு மணி நேரத்தில் தளம் தலைகீழாகிவிட்டது. "ஐயையோ, கிழவன் உயிரோட இருக்கான்!" என்று அரைத்தூக்கம் அலறினார். நாலாவது மாடி மன்னிப்புக் கேட்டுவிட்டு, முட்டிக்கு ஒத்தடம் கொடுக்கச் சொன்னாள். ஆளாளுக்குத் தங்கள் அப்பா, மாமியார், வாத்தியார் படியிறங்குவதைப் படம் பிடித்துப் போடுகிறார்கள். அந்தக் கூத்துக்கு நடுவில்தான் ஒருவர் கேட்டார்: கைப்பிடி முடிந்த பிறகு அந்தக் கடைசிப் படியில் பேய் ஐந்து விநாடி அசையாமல் நிற்கிறதே, கையைக் காற்றில் நீட்டிக்கொண்டு, ஏன்? எதிரியின் வாசனை பிடிக்கிறது என்றார் ஒருவர். பேய்க்குத் தரை ஆகாது என்றார் இன்னொருவர். வரைய நேரமில்லாமல் ஒரே படத்தை நிறுத்தி வைத்துவிட்டார்கள் என்றார் மூன்றாமவர், அளந்த அன்றைக்கு நானும் அப்படித்தான் நினைத்தேன். எனக்கு முழங்காலில் கத்தி வைத்த பிறகு நீ அங்கே கிளம்பிப் போகும்வரை, இரண்டு வருடம், காலையில் நான் இறங்கும்போதெல்லாம் நீ அந்தக் கடைசிப் படிக்குக் கீழே எனக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு ஷூ கயிற்றைக் கட்டுவாய். என் கை தானாக உன் தோளுக்கு வரும். நீ திரும்பிப் பார்க்க மாட்டாய். நானும் ஒன்றும் சொன்னதில்லை. இந்தப் பெண்ணுக்கு ஒரு ஷூ கயிற்றை அவிழாமல் கட்டத் தெரியவில்லையே என்று இரண்டு வருடம் மனதுக்குள் திட்டியிருக்கிறேன். அந்தக் கேள்விக்குக் கீழே இரண்டு வரி எழுதினேன், கைப்பிடி முடிகிற இடத்தில் கிழவனுக்கு ஒரு தோள் இருந்தது, அது இப்போது வெளியூரில் வேலை பார்க்கிறது என்று. உன் பெயரைப் போடவில்லை.

உங்கள் குழுத் தலைவருக்கென்று அளவுகளோடும் என் கையெழுத்தோடும் திருத்திய அறிக்கை ஒன்றை இதனுடன் வைத்திருக்கிறேன். கொடுத்தால் உதவும் என்றால் கொடு, அப்பாவைச் சிபாரிசுக்குக் கூட்டிவந்தது போல் கூச்சமாக இருந்தால் கிழித்துப் போடு, உன் இஷ்டம். ஆனால் வேறு யாரையாவது வைத்து வரைவோம் என்றால் தலையாட்டிவிட்டு வராதே, எதிர்த்துப் பேசு, அந்தக் குணமாவது என்னிடமிருந்து உனக்கு வந்திருக்க வேண்டும். இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். அந்த முதல் அறிக்கையை எழுதும்போது, இந்தத் தொடர் ஒழிந்தால் நீ வீட்டுக்குத் திரும்பி வந்துவிடுவாய் என்ற நினைப்பு எனக்குள் இருந்தது. படியின் உயரம், கைப்பிடி எல்லாம் அதற்குப் பிறகுதான். இப்போது அந்த நினைப்பு இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனாலும் நீ அங்கேயே இரு. வரை. வேளைக்குச் சாப்பிடு, மணிக்கு ஒருதரம் எழுந்து நட, முழங்காலைப் பார்த்துக்கொள், அது வம்சத்தில் இருக்கிறது. உன் கை ஓங்கட்டும், கண் தெளிந்திருக்கட்டும், சண்டை என்று வந்தால் நீயே ஜெயிக்க வேண்டும் என்று நானும் உன் அம்மாவும் வாழ்த்துகிறோம். பதில் எழுதும்போது மறக்காமல் ஒரு காரியம் செய். இதுவரை வந்த பகுதிகளில் எவையெல்லாம் நீ வரைந்தவை என்று பகுதி எண், நிமிடம், விநாடியோடு எழுது. இப்போதுதான் கேட்கிறேன், அதற்கும் சேர்த்துத் திட்டு. எதையும் அளக்க மாட்டேன். உட்கார்ந்து பார்க்கிறேன்.

என்றும் உன் நலம் வேண்டும்,
அப்பா