கீழறையிலிருந்து ஒரு 'இன்னா'

3-6-54, வியாழன்

வெயில் மண்டையைப் பிளக்கிறது. சரக்கெடுக்கப் போன அண்ணன் சிலுவைமுத்து இன்னும் வரவில்லை. கடை என் தலையில்.

வியாழனென்றால் 'வெள்ளிக்கீற்று' வாரப் பத்திரிகை வந்துவிடும். வந்ததும் பாதித் திருவொற்றியூர் எங்கள் மளிகைக் கடை வாசலில்தான். தீப்பெட்டிக் கம்பெனி லோகநாதன் உரக்கப் படிப்பான். கட்டுமரக்காரர் தேசப்பனுக்கு எழுத்து தெரியாது. வாயைப் பிளந்துகொண்டு கேட்பார். மீன்காரி நீலா கூடையை இறக்காமலே நிற்பாள். 'செவ்வாய்க்குப் போன கப்பல்' என்று தொடர்கதை. எழுதுகிறவர் விண்ணூரான். கப்பலின் கீழறையில் யாரோ கோணியைப் போர்த்திக்கொண்டு ஒளிந்திருக்கிறார்களாம். யாரென்று கப்பித்தானுக்கே தெரியாதாம். இவர்களுக்கு அந்தக் கவலை. எனக்கு உளுந்தில் வண்டு.

10-6-54

"வெள்ளக்காரன் உளவாளி பா அவன்" என்கிறான் லோகநாதன். "கடல்ல செத்தவன். ஆவியா வந்துகீறான்" என்கிறார் தேசப்பன். "ஆம்பளன்னு எவன்யா சொன்னான்?" என்றாள் நீலா. அவளைப் பார்த்துச் சிரித்தார்கள். நானும்தான்.

17-6-54

சமைக்கக்கூடப் போகாமல் உட்கார்ந்தேன். எழுதினால்தான் தெளியும்.

இன்று அந்தக் கீழறை ஆசாமி முதல்முறையாகப் பேசியது. கப்பித்தான் இருட்டில் இறங்கி, "யார் அங்கே?" என்கிறான். கோணிக்குள்ளிருந்து ஒரே ஒரு சொல்: "இன்னா."

லோகநாதன் துள்ளிக் குதித்தான். "பாத்தியா! நம்ம மெட்ராஸ் ஆளு! கப்பித்தானையே இன்னான்னு கேக்குறான், இன்னா தில்லு!" வாசலே சிரித்தது. நான் தராசைப் பிடித்தபடி நின்றுவிட்டேன்.

பட்டணத்தில் 'இன்னா' என்றால் 'என்ன'. தெற்கே எங்கள் நாசரேத் பக்கம் 'இன்னா' என்றால் 'இதோ'. கல்யாணமாகி ராயபுரத்துக்கு வந்த புதிதில் அவர் வாசலிலிருந்து கூப்பிடுவார். "இன்னா" என்று ஓடிவருவேன். இதோ வந்துவிட்டேன் என்று அர்த்தம். புருஷனைப் பார்த்து 'இன்னா' என்கிறாளே என்று பக்கத்து வீடுகளில் ஒரே கேலி. ஆர்பர் துறைமுகத்தில் அவரோடு வேலை பார்த்தவர்கள் வந்திருந்த அன்று, "இனிமே அந்த வார்த்தையச் சொல்லாத, மானம் போவுது" என்றார். விட்டுவிட்டேன். நாக்கைக் கடித்துக் கடித்து மறந்தேன்.

மூன்று வருஷமாகிறது. பினாங்கு கப்பலில் வேலை என்று சொல்லிப் போனவர். வந்தது ஒரே ஒரு கடிதம்.

விண்ணூரான் என்பது அவராக இருக்குமோ? தெற்கத்திக்காரர்களில் எழுதுகிறவர் வேறு யாருமில்லையா? — சும்மா கிட, மனமே.

24-6-54

கப்பித்தான் சாப்பாட்டுத் தட்டை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் உட்காருகிறான்.

வீட்டில் அவருக்கும் அதே பழக்கம். அவரேதான்.

1-7-54

உயிரோடு இருக்கிறார். என்னை நினைத்திருக்கிறார். நினைக்காமலா என் சொல்லை எழுதுவார்? கோணிக்குள் இருப்பது நான்தான். கோணியை விலக்குவார். இதோ வந்துவிட்டேன் என்று நான் எழுந்து நிற்பேன். முப்பது வயதுக்காரி எழுதுகிற எழுத்தா இது! இருந்துவிட்டுப் போகட்டும். இன்று தலைக்குப் பூ வைத்தேன். நீலா பூவையே பார்த்துவிட்டுப் போனாள்.

8-7-54

அண்ணனிடம் சொன்னேன். "கோட்டியா பிடிச்சிருக்கு உனக்கு? மாப்பிள கப்பல்ல இருக்காவ. ஊருக்கு அப்படித்தான் சொல்லியிருக்கு" என்றான். ஊருக்குச் சொன்னதை அவனே நம்ப ஆரம்பித்துவிட்டான் போலிருக்கிறது.

20-7-54, செவ்வாய்

கோயில் காரியமென்று பொய் சொல்லி, பஸ் ஏறி, பத்திரிகை ஆபீசுக்குப் போய்விட்டு வந்தேன்.

அங்கே மேசையில் இருந்தவர் நல்ல மனிதர். உட்காரச் சொன்னார். நான் வாயைத் திறப்பதற்குள், "கீழறையில யாருன்னுதானே? வர்றவங்க எல்லாரும் அதையேதாம்மா கேக்குறாங்க" என்று சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "கதை இந்த வாரம் முடியுது. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. அது விண்ணூரானோட முதல் சம்சாரம். காலராவுல போயிட்டாங்க, பாவம். எங்ககிட்டச் சொல்லும்போதே அழுதுட்டார்" என்றார்.

"இப்போ?"

"தாம்பரத்துல இருக்கார். ரெண்டாவது கல்யாணம். ஒரு பெண் குழந்தை."

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. கதைக்கு அழுகிறேன் என்று நினைத்து, "உங்களை மாதிரி வாசகிங்கதான் எங்களுக்குச் சொத்து" என்று இந்த வார இதழை முன்கூட்டியே இலவசமாகக் கொடுத்தார். நான் செத்த செய்தியை நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு வந்தேன்.

காலராவாம். ஏன், நல்ல வியாதி ஒன்றும் கிடைக்கவில்லையா?

21-7-54

அண்ணன் எல்லாவற்றையும் கேட்டான். கடைக் கதவைச் சாத்தினான். பிறகு, "வெளிய விடாத ஞானம். ஊரு கப்பல்னே நெனைக்கட்டும்" என்றான். அங்கே நான் பிணம், இங்கே அவர் கப்பல். ஆளுக்கொரு கதை. எனக்கென்று ஒன்று உண்டா?

22-7-54, வியாழன்

கப்பித்தான் கோணியை இழுக்கிறான். உள்ளே யாரும் இல்லை. இறந்துபோன மனைவியின் நினைவுதான் குரலாகக் கேட்டதாம். அழுதுவிட்டுக் கோணியை ஆகாயத்தில் வீசுகிறான். கப்பலில் கூட வந்த விஞ்ஞானியின் மகள் அவன் கையைப் பிடித்துக்கொள்கிறாள். முற்றும்.

லோகநாதன் பத்திரிகையை மடித்தான். "நல்ல மன்சன் பா கப்பித்தான்." தேசப்பன் துண்டால் கண்ணைத் துடைத்தார்.

நீலா மட்டும், "அவ செத்தத யாருய்யா பாத்தது? பொணத்த எவனாவது பாத்தானா?" என்றாள்.

எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை. "யாரும் பாக்கல. அவ சாவல" என்றேன். எல்லோரும் திரும்பினார்கள். "அவ எங்கயோ ஒரு கடையில உப்பும் புளியும் நிறுத்துக்கிட்டு இருக்கா. அவன் புதுப் பொண்டாட்டி கட்ட இவளச் சாவடிச்சிட்டான். 'இன்னா'ன்னா எங்க ஊருல 'இதோ இருக்கேன்'னு அர்த்தம். அவ பதில் சொன்னா. அவனுக்குத்தான் காது கேக்கல."

லோகநாதன் தொடையைத் தட்டி, "யக்கா! இன்னா ரோசனை! இத்தன வாரமா ஒர்த்தனுக்கும் தோணல பாரு!" என்றான். எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள். உண்மையைச் சொன்னேன், ஊகம் பிரமாதம் என்கிறார்கள். பாவிகளா.

நீலா மட்டும் பாராட்டவில்லை. போகும்போது என் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்திவிட்டுப் போனாள்.

5-8-54

லோகநாதன் என்னைக் கேட்காமலே எழுதிப் போட்டிருக்கிறான். வாசகர் பகுதியில் வந்துவிட்டது. 'கப்பித்தானின் மனைவி சாகவில்லை' என்று தொடங்கி நான் சொன்னது அத்தனையும் — உப்பு, புளி, இன்னா. அடியில், 'ஞானசெல்வி, திருவொற்றியூர்.' அதற்கும் கீழே பத்திரிகை ஆசிரியர்: 'சகோதரியின் கற்பனை அபாரம்!'

அண்ணன் பத்திரிகையைப் பிடித்தபடி நின்றான். திட்டுவான் என்று காத்திருந்தேன். மடித்துத் தராசுக்கு அடியில் வைத்துவிட்டுப் போய்விட்டான்.

தாம்பரத்துக்கும் வியாழக்கிழமைதானே பத்திரிகை போகும்?

19-8-54, வியாழன்

விண்ணூரானின் புதுத் தொடர் இன்று தொடங்கும் என்று பெரிதாக விளம்பரம் செய்திருந்தார்கள். வரவில்லை. 'கதாசிரியருக்குத் திடீர் உடல்நலக் குறைவு' என்று கட்டம் கட்டிப் போட்டிருக்கிறார்கள். லோகநாதனுக்கு மனசே சரியில்லை. மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றப் போகிறானாம். ஏற்றட்டும்.

வேதமாணிக்கம். புருஷன் பெயரை இதுவரை எழுதியதில்லை, எழுத வராது. இன்று வருகிறது. வேதமாணிக்கம் என்ற ஒருவன் தாம்பரத்தில் இருக்கிறான். காலரா அல்ல, சும்மா காய்ச்சல்தான்; பிழைத்துக்கொள்வான்.

எர்ணாவூரிலிருந்து வந்த வியாபாரி ஒருவர், "மாப்பிள்ளைக்கு எந்தக் கப்பல்?" என்று வழக்கம்போல் அண்ணனைக் கேட்டார். அண்ணன் என்னைப் பார்த்தான். "கப்பலும் இல்ல, ஒண்ணுமில்ல. தங்கச்சி இங்கதான் இருக்கா. அவதான் கடையப் பாக்கா" என்றான்.

உள்ளே மிளகாய் மூட்டையை இழுத்துக்கொண்டிருந்தேன். வாசலில் நீலாவின் குரல்: "யக்கா! கீறியா?"

"இன்னா" என்றேன்.

"எந்த ஊரு இன்னா?"

"எங்க ஊரு இன்னாதான்."

"அப்ப சரி. ஒரு படி உப்பு குடு."