டேங்கைக் கழுவாமல் ஊற்றிய எண்ணெய்

தோஸ்து,

காலையில் நம் டிரெய்லரைக் கிளப்பியதும் எண்ணெய் காய்கிற வாசனை வந்தது. கண் எரியவில்லை. நீ கண்மூடி ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. ஆனாலும் இந்த வாசனை வந்தால் ஷெட்டுக்குள் நீ இருப்பதாக நினைத்துத் திரும்பிப் பார்த்துவிடுகிறேன்.

நீ மெக்கானிக், நான் டிரைவர், வண்டி இருவருக்கும் பொது. துறைமுகத்துக்குள் போக இன்ஜினை அணைக்காமல் வரிசையில் நிற்போமே, அந்த எண்ணூர் சாலையோரம்தான் உன் வீடு. "நம்ம வண்டி வுடுற பொகையத்தான் மாமு எங்கூட்டம்மா முழுங்கிகினு கீது" என்பாய். அவருக்கு மூச்சிழுப்பு அதிகமான வருடம்தான் புங்க விதையில் தயாராகும் பயோடீசலைத் தேடிப் பிடித்தாய். டீசலோடு ஐந்தில் ஒரு பங்கு கலந்தாலே புகை குறையும் என்றாய். நான் சிரித்தேன். நீ விடுகிற ஆளா?

"மொதல்ல டேங்க்க கழுவு மாமு. பழைய அழுக்கையெல்லாம் இது கரைச்சி இழுத்துகினு வரும்" என்றாய். கழுவினால் இரண்டு நாள் வண்டி நிற்கும், கையில் லோடு இருந்தது. கழுவாமலே ஊற்றிவிட்டு, கழுவியாச்சு என்று உன்னிடம் புளுகினேன். மறுநாள் மணலி போகிற வழியில் வண்டி இருமி இருமி நின்றது. பின்னால் நின்ற டிரைவர்கள் கூடிவிட்டார்கள். "இன்னாபா, டேங்க்ல வட சுடுறீங்களா?" என்று ஒரே கலாய்ப்பு.

நீ வந்து ஃபில்டரைக் கழற்றினாய். தார் மாதிரி அழுக்கு. என்னை ஒரு பார்வை பார்த்தாய். பிறகு கூட்டத்திடம், "எண்ண மேல தப்பில்லபா. டேங்க்க கழுவாம வுட்டது நான்தான்" என்றாய். நான் வாயைத் திறக்கவில்லை. அதற்குப் பிறகு யாரும் உன் பேச்சை நம்பவில்லை, அந்த எண்ணெயைத் தொடவும் இல்லை. நம் வண்டி மட்டும் ஓடியது.

நேற்று அதே டிரைவர்களில் மூன்று பேர் ஷெட்டுக்கு வந்தார்கள். கரும்புகை இல்லாமல் நம் வண்டி ஓடுவதைப் பார்த்து அவர்களுக்கும் ஆசை. ஒருவர், "ஒன் தோஸ்து அன்னிக்கி சொதப்புன மாதிரி ஆயிடாதே?" என்றார்.

"சொதப்புனது நான். அவன் கழுவத்தான் சொன்னான், நான்தான் பொய் சொன்னேன்" என்றேன். இன்று மூன்று வண்டிகளின் டேங்குகளையும் கழுவக் கழற்றியாகிவிட்டது. இந்தச் சாலையில் புகை குறையத்தான் போகிறது, பார்.

உன் வீட்டம்மாவிடமும் போய்ச் சொன்னேன். "எனக்கு அன்னிக்கே தெரியும்ணா. அவரு சொன்னாரு. ஒங்ககிட்ட ஒரு வார்த்த கேக்கக்கூடாதுன்னும் சொன்னாரு" என்றார்.

எத்தனையோ லோடு ஏற்றி இறக்கியிருக்கிறேன் தோஸ்து. இதை எங்கே இறக்குவது என்று தெரியவில்லை.